என் பேரில் என் புருஷன்

என் புருஷனுக்கு இந்த நாட்டில் இடம் வாங்கிக் கொடுத்தவள் நான். இதை அடக்கமாகச் சொல்லப் பல தடவை முயன்று பார்த்தேன். வரவில்லை. அதனால் நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள் நான். கொழுந்து எடுக்கத் தொடங்கியதும் அங்கேதான். வெள்ளைக்காரன் ஆட்சியை விட்டுப் போன கையோடு எங்கள் ஆட்களின் ஓட்டும் போனது, உரிமையும் போனது. அப்போது எனக்குப் பாவாடை கட்டும் வயசு. பிறகு இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கென்று தனியாக ஒரு சட்டம் வந்தது. இடைவிடாமல் இங்கேயே இருந்தோம் என்று காட்ட முடிந்தவர்கள் பிரஜாவுரிமை கேட்கலாம் என்றார்கள். அப்பா கேட்டார். நுவரெலியாவுக்கும் அட்டனுக்கும் விசாரணைக்காக அலைந்தார். விறகு வெட்டும் நாளில்கூட வெள்ளை வேட்டியை மடித்துப் பத்திரமாக வைத்திருப்பார், எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று. எங்கள் லயத்தில் பலருக்கு இல்லை என்று பதில் வந்தது. எங்களுக்குக் கிடைத்தது. அப்பாவோடு சேர்த்து அம்மா, நான், தம்பி எல்லோரும் இந்த நாட்டுப் பிரஜைகள் ஆனோம். அன்றைக்கு அப்பா ஒரு பெரிய பலாப்பழம் வாங்கி வந்து லயம் முழுக்கச் சுளை கொடுத்தார்.

அப்படிப்பட்ட அப்பாவிடம் போய், கொட்டகலை பஜார் துணிக்கடையில் வேலை செய்கிறவரைத்தான் கட்டுவேன் என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கை என்னவென்று சொல்வது!

அவர் இந்தியாவில் துறையூர்ப் பக்கத்து ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் லயத்துக்கு வருவார். மற்றக் கடை ஆட்கள் வாங்கு வாங்கு என்று நச்சரிப்பார்கள். இவர் சேலையை விரித்துப் போட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். சாயம் போகுமா என்று கேட்டால், போகும் என்றால் போகும் என்றே சொல்லிவிடுவார். ஒரு நாள் நான் ஆசைப்பட்டு எடுத்த சேலையை என் கையிலிருந்து வாங்கி, "இது வேணாங்க, ரெண்டு தொவைப்புல நரைச்சிரும்" என்றார். அன்றைக்கே என் மனம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

ஆனால் அவர் இங்கே இருந்தது தற்காலிக அனுமதியில். டி.ஆர்.பி. என்று சொல்வார்கள். கடைக்கு ஆள் தேவை என்று முதலாளி எழுதிக் கேட்டு, கொழும்பில் முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். வருஷம் முடிந்தால் மறுபடியும் கேட்க வேண்டும். பஜாரில் இப்படி இருந்தவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட டி.ஆர்.பி.காரர் என்று கூப்பிடுவதுதான் அதிகம்.

"வருஷா வருஷம் ஆயுசை நீட்டிக்கிட்டு இருக்கிற மாப்பிள்ளையா ஒனக்கு வேணும்?" என்றார் அப்பா.

"எல்லாருக்கும் ஆயுசு அப்படித்தானேப்பா" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபமாக இருக்க அவருக்குத் தெரியாது. கோயிலில் தாலி கட்டியதோடு விடாமல் பதிவுகாரரிடமும் எழுதிவிட வேண்டும் என்று பிடிவாதமாகச் செய்துவைத்தார். என் புருஷன் எங்கள் லயத்து ஒற்றையறைக் காம்பராவுக்கே குடிவந்து, தினமும் கொட்டகலைக்கு வேலைக்குப் போய்வந்தார். ஒரு மகள் பிறந்தாள்.

அவள் நடக்கத் தொடங்கிய வருஷம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். அந்த வேலைக்கு உள்ளூர் ஆளை வைத்துக்கொள்ளலாம், இவர் மாதக் கடைசிக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது உத்தரவு. பஜாரில் அந்த வருஷம் பலருக்கு அப்படி வந்தது.

நான் மலையிலிருந்து கூடையோடு இறங்கி வரும்போது இவர் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். வேலை நாளில், வெயில் இருக்கும்போதே. பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் எல்லோரும் வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் கங்காணி தீர்ப்பே சொன்னார். "பொண்டாட்டின்னா புருஷன் போற எடத்துக்குப் போறதுதான். மூட்டையைக் கட்டு புள்ள. எல்லாரும் ஒரு நாளைக்குத் திரும்பிப் போகவேண்டியவங்கதானே."

திரும்பிப் போவது! நான் துறையூரைப் பார்த்ததே கிடையாது. ஒரு இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றால் ஒரு தடவையாவது அங்கிருந்து கிளம்பி வந்திருக்க வேண்டாமா? எனக்குத் தெரிந்த ஊரெல்லாம் இந்த மலையும், கீழே இருக்கிற சிங்களக் கிராமமும், கொட்டகலை பஜாரும், தலவாக்கலைத் தேரும்தான். அந்தக் கிராமத்துப் பெண்கள் எங்கள் லயத்துக்குக் கீரையும் ஈரப்பலாக்காயும் கொண்டுவருவார்கள். அவர்கள் பிள்ளைகளோடு ஓடைக் கரையில் விளையாடித்தான் நான் சிங்களம் படித்தேன்.

இவர் வேறு மாதிரிச் சொன்னார். "நீயும் பாப்பாவும் இங்கேயே இருங்க. நான் போயிட்டு எப்படியாவது வந்துடுறேன்."

அப்படிச் சொல்லிப் போய்த் திரும்பி வராதவர்களின் பெண்சாதிகள் எங்கள் தோட்டத்திலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களோடு ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுக்கிறவள் நான். எனக்குத் தெரியாதா?

"நீங்க போக வேணாம்" என்றேன். எப்படி என்று அவர் கேட்டார்.

பதில் கிடைத்தது கடையில். இவருடைய சாமான்களை எடுத்து வரப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்தேன். முதலாளி நல்ல மனுஷர். அட்டனில் பிறந்து வளர்ந்த முஸ்லிம். வேலைக்காரன் போகிறான் என்பதைவிடத் தம்பி போகிறான் என்பதுபோல வருத்தப்பட்டார். எனக்குத் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில் சொன்னார்.

"என்ட பொஞ்சாதியும் இந்தியாவுல காயல்பட்டணம்தான் தங்கச்சி. ஆனா அவங்களுக்கு ஒரு தொந்தரவும் வரல்ல. நான் இந்த நாட்டுப் பிரஜை. என்ட பேர்ல கேட்டேன், அவங்களையும் பதிஞ்சி குடுத்துட்டாங்க."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மொதலாளி, நானும் இந்த நாட்டுப் பிரஜைதானே?"

"ஆமா."

"அப்போ என் பேர்ல இவருக்குக் கேக்க முடியாதா?"

அவர் கடகடவென்று சிரித்தார். கடைப் பையன்களும் சிரித்தார்கள். இவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் முதலாளியின் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் முழக்கோலைத் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"பொம்பள பேர்ல ஆம்பளைக்குக் கேட்டதா நான் கேள்விப்பட்டதில்ல தங்கச்சி."

"கூடாதுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"அதுவும் இல்ல" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "ரெண்டு பேரும் போய்க் கேளுங்க. உன்ட பொஞ்சாதி கேக்கட்டும். நீ வாயத் தொறக்காத" என்றார்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்புகிற நேரத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் லீவு கேட்டேன். கொழும்புக்கா, நீயா என்று கேட்டார். ஆமாங்கய்யா, நான்தான் என்றேன். அந்தக் களத்தில் அவ்வளவு சத்தமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை.

கொழும்பு அலுவலகத்தில் பெரிய மண்டபம். வாங்குகளில் இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். கடைச் சிப்பந்திகள், சமையல்காரர்கள், நகை வேலைக்காரர்கள். எல்லோர் கையிலும் ஒரு பை, எல்லோர் முகத்திலும் ஒரே கேள்வி. பெண் என்று என்னைத் தவிர யாரும் இருந்ததாக ஞாபகம் இல்லை. பிள்ளை என் தோளில் தூங்கிவிட்டாள். எங்கள் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து எழுத்தர் ஒருவர் இருந்தார். என்னைத் தாண்டி இவரைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன அலுவலா வந்தனீங்கள்?"

நான் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் அவரையெல்லோ கேக்கிறன். அவருக்கு வாய் இல்லையோ?"

"வாய் இருக்குங்க. உரிமைதான் இல்லைங்க. அது என்கிட்ட இருக்கு. அதான் நான் பேசுறேன்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "பெண்சாதிமாருக்கு அப்பிடிக் குடுக்கிறதுதான். புருஷன்மாருக்கு இஞ்சை ஒருத்தரும் வந்து கேக்கேல்லை" என்றார்.

"யாரும் கேக்கலையா, இல்ல கேட்டுக் குடுக்கலையா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை அது. "நில்லுங்கோ பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் எங்களையும் உள்ளே வரச் சொன்னார்கள்.

அதிகாரி சிங்களவர், நடு வயசு, தலைமுடி அப்போதே நரைத்திருந்தது. நான் அவரிடம் சிங்களத்திலேயே பேசினேன். ஓடைக் கரையில் படித்த சிங்களம். மரியாதைச் சொல் எது, விளையாட்டுச் சொல் எது என்று சில இடத்தில் எனக்கே தெரியாது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அவன் இந்தியாவுக்குப் போய் அங்கேயிருந்து கேட்கட்டுமே" என்றார்.

"போனால் திரும்பி வர விடுவீங்களா மாத்தயா?"

அவர் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார். "புருஷன் போகிற இடத்துக்குப் பெண்சாதி போவதுதானே உங்கள் ஆட்களிடமும் வழக்கம்?"

"வழக்கம் அதுதான் மாத்தயா. நான் சட்டம் என்ன சொல்லுதுன்னு கேக்க வந்திருக்கேன்."

அவர் கடுப்பாகிவிட்டார், வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினேன். அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, நின்றபடியே புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு எழுத்தரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். பேசப் பேச எழுத்தரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வருவதைப் பார்த்தேன்.

அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "இதிலை புருஷன் எண்டும் இல்லை, பெண்சாதி எண்டும் இல்லை பிள்ளை. ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு சொல்லுத்தான் கிடக்கு."

அந்தச் சொல் என்ன என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பொது என்பது எனக்குப் போதும்.

அதிகாரி உட்கார்ந்தார். உடனே கொடுத்துவிட முடியாது, விசாரிக்க வேண்டும், மேலிடம் சம்மதிக்க வேண்டும், காலம் எடுக்கும் என்றார். அதுவரை இவர் இருக்கலாம். ஆனால் கடை வேலைக்குப் போகக் கூடாது. "அவ்வளவு நாளும் இவனுக்கு யார் சோறு போடுவார்கள்?" என்று கேட்டார்.

"நான்தான் மாத்தயா. நான் வேலைக்குப் போறேன். இவர் வீட்டைப் பார்த்துக்குவார்."

அதிகாரி இவரைப் பார்த்தார். இவர் முதலாளி சொன்னபடி வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அதிகாரி முத்திரையை எடுத்து இவருடைய அனுமதித் தாளில் குத்தினார். மண்டபத்தைக் கடந்து வெளியே வரும்போது, அங்கே காத்திருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது. யாரோ ஒருவர் எழுந்து பிள்ளையின் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார்.

பிறகு வந்த மாதங்கள்தான் இவருக்குக் கஷ்டம். நான் விடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு போய்விடுவேன். இவர் பிள்ளைக்குத் தலை வாரி, ரொட்டி தட்டி, மலை ஊற்றிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் துணி துவைத்து, காம்பராவைக் கூட்டி வைப்பார். பகலில் எனக்குச் சாப்பாடும் மலைக்குக் கொண்டுவருவார். லயத்து ஆம்பிளைகள் விடுவார்களா? "என்னா மாப்ள, சம்பலுக்கு உப்பு சரியா?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். முதல் வாரம் இவர் முகம் செத்துப்போயிருந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். நான் பின்னாலேயே ஓடிப் பிடித்து நிறுத்தினேன்.

"இங்க பாருங்க. பாப்பா பொறந்து நான் வேலைக்குப் போகாம இருந்தப்போ நீங்க எனக்குச் சோறு போட்டீங்க. நான் ஒரு நாளாவது தலையைத் தொங்கப் போட்டேனா?"

அவர் யோசித்தார். "இல்ல" என்றார்.

"பின்ன?"

மறுநாள் யாரோ உப்பைப் பற்றிக் கேட்டபோது, "சரியாத்தான் இருக்கு, உங்க வீட்ல இல்லாட்டி வந்து வாங்கிக்கிட்டுப் போங்க" என்று இவர் சொன்னது காம்பராவுக்குள் இருந்த எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு கேலி மெல்ல ஓய்ந்தது. இவர் ரொட்டிக்குக் கட்டிச் சம்பல் அரைக்கிற பக்குவத்தைப் பெண்கள் வந்து கேட்டுப் போனார்கள். தைக்கத் தெரிந்தவர் என்பதால் பிள்ளைகளின் கிழிந்த சட்டைகளும் எங்கள் வாசலுக்கு வரத் தொடங்கின. கூலி எதுவும் வாங்க மாட்டார், வாங்கினால் அது வேலை ஆகிவிடும் என்று.

விசாரணைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், நல்ல கொழுந்துக் காலத்தில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில். அனுமதிக்காக ஒப்புக்குச் செய்த கல்யாணமா, உண்மையான குடும்பமா என்று பார்க்கத்தான். லயத்துக்குப் போனவர் கண்டது, பீலியடியில் குந்தியிருந்து பிள்ளைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த என் புருஷனை. பிள்ளை கண்ணெரிச்சலில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாளாம். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு என்னைத் தேடி மலைக்கு ஏறி வந்தார்.

நிரையில் நின்ற பெண்கள் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். அவர் சப்பாத்தில் சேறு அப்பியிருந்தது.

"லயத்தில் இருக்கிறானே, அவன் உனக்கு யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மகே மஹத்தயா" என்றேன். சிங்களத்தில் புருஷனை மரியாதையாகச் சொல்வது அப்படித்தான்: என் ஐயா.

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குச் சிங்களம் அரைகுறை. இன்ஸ்பெக்டர் நம்பாமல் போய்விடுவாரோ என்று பயந்து, அவள் இடையில் புகுந்து தமிழிலேயே கொட்டினாள். "அவரு புருஷன்தாங்க! எங்க புருஷமாருங்கள்லாம் கல்யாணம் பண்ணினதோட சரி. அந்த மனுஷன் ஒராள்தான் தெனமும் புருஷனா இருக்காரு!" நிரை முழுவதும் சிரித்தது. அவள் சொன்னதை இன்ஸ்பெக்டருக்கு நான் எப்படிச் சிங்களத்தில் சொல்வது? ஆனாலும் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டார். தொப்பியைச் சரி செய்துகொண்டு, சறுக்காமல் காலை ஊன்றி ஊன்றி இறங்கிப் போனார்.

அதன் பிறகும் காத்திருந்தோம். இரண்டு தடவை கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் வேறு ஏதாவது கேட்டார்கள். இரண்டு தடவையும் நான்தான் பேசினேன். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அந்த நரைத்த அதிகாரி தன் அறையிலேயே எங்களை உட்காரச் சொன்னார். அந்த அலுவலகத்தில் எங்களை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான். சம்மதம் வந்துவிட்டது என்றார். இந்த நாட்டுக்கு உண்மையாக இருப்பேன் என்று இவர் உறுதிமொழி எடுத்தார். எழுத்தர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் கொடுக்க, இவர் கை கட்டி நின்று திருப்பிச் சொன்னார். முடிந்ததும் அதிகாரி முதல் தடவையாக இவரிடமே கேட்டார்.

"நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "நான் இவங்க வீட்டுக்காரர் மாத்தயா" என்றார். அவ்வளவுதான். அதை அவர் சொன்ன விதத்தைக் கேட்டு நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அதுவரை அந்த அலுவலகத்தில் என்னைப் பேசாமலிருக்கச் செய்ய யாராலும் முடிந்ததில்லை.

அன்றைக்கே திரும்பும் ரயிலைப் பிடித்தோம். வண்டி மலை ஏறத் தொடங்கிக் குளிர் காற்று முகத்தில் அடித்ததும் இவர் சிரிக்க ஆரம்பித்தார். எதிரே உட்கார்ந்திருந்த கிராமத்துப் பெரியவர் என்ன விஷயம் என்று கேட்டார். இவர் எனக்குத் தெரியாமல் இத்தனை மாதம் லயத்துக்குக் கீரை கொண்டுவந்த பெண்களிடம் கற்றுக்கொண்ட சிங்களத்தில் கதை முழுவதையும் சொன்னார். தப்பும் தவறுமாக, ஆனால் ஒன்றையும் விடாமல். பெரியவர் கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கூச்சப்படாமல் கும்பிட்டேன்.

அப்பாவுக்குச் சேதி சொன்னபோது அவர் இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "இனிமே ஆயுசு கெட்டி மாப்ள" என்றார். முதலாளி அடுத்த திங்கட்கிழமையே இவரைக் கடைக்கு வரச் சொல்லிவிட்டார். இவர் போகத்தான் செய்தார். ஆனால் சமையலை என்னிடம் முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை. என் கைச் சம்பல் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

அடுத்த வருஷம் நாங்கள் மூவரும் தலைமன்னாரில் கப்பலேறித் துறையூருக்குப் போனோம். இவர் தன் அம்மாவைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒரு தடவை போனால் வர முடியாதே என்ற பயத்தில் போகாமலே இருந்தவர். மாமியார் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார், பேத்தியை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை. வெயில் எனக்குத்தான் தாங்கவில்லை. ஒரு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பி வந்து தலைமன்னார் துறையில் இறங்கினால், வரிசை நீண்டிருந்தது. மேசையிலிருந்த இளவயது அதிகாரி இவருடைய இலங்கைப் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் துறையூர் என்று இருந்ததைப் பார்த்தார். மறுபடியும் இவர் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நாள் தங்கப் போறீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். இவர் என் கையை லேசாக அழுத்தினார்.

"விருந்துக்குப் போன எடத்துலதாங்க அதைக் கேப்பாங்க" என்றார் என் புருஷன். "நாங்க வீட்டுக்குப் போறோம். கண்டி ரயில் எத்தனை மணிக்கு?"